எனக்குக் கேட்காத பிரேக் சத்தம்

எங்கள் கார் வாங்கும்போதே பழையது. பரங்கிப்பேட்டையில் ஒருவர் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். பின்சீட்டுக் கண்ணாடியில் அவர் பிள்ளைகள் ஒட்டிய மீன் ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. வாங்கிய வாரமே ரேடியேட்டரின் ரப்பர் குழாய்களையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றினேன். இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. குழாயை விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் கொழகொழவென்று உள்ளே போனது. பெல்ட்டை மடித்துப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெடிப்பு. நடுரோட்டில் அறுந்து நிற்கும் வரை அவற்றை வைத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை.

இது என் வேலையில் வந்த பழக்கம். கடலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கம்ப்ரஸர் அறையில் பராமரிப்பு வேலை பார்த்தேன். அங்கே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்று உடைந்தால் மொத்த பிளாண்ட்டும் நின்றுவிடும். அதனால் உடைவதற்கு முன்பே கண்டுபிடித்துக் கழற்றிவிட வேண்டும். இயந்திரத்தின் மேல் கை வைத்துச் சூடு பார்ப்போம். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டால் உள்ளே உருளைகள் ஓடும் சத்தம் கேட்கும். நல்ல பேரிங்கின் சத்தம் சீராக இருக்கும். தேய்ந்தது கரகரக்கும். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகும் அந்தப் பெயரை வைத்துத்தான் பரங்கிப்பேட்டையில் ஒரு ஐஸ் கம்பெனியில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

என் மனைவி சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் இருவரும் கடலூரிலிருந்து கிளம்புவோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் தாண்டி அவளைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டு, முட்லூருக்குத் திரும்பி வந்து பரங்கிப்பேட்டைக்குப் போவேன். சாயங்காலம் அதே வழி, தலைகீழாக. வண்டியில் ஓட்டம் ஜாஸ்தி. அதனால் கவனமும் ஜாஸ்தி வேண்டும் என்பேன்.

மனைவியின் தம்பி இதற்கு நேர் எதிர். சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். சொந்தமாக ஒரு வேன் வைத்துச் சவாரி ஓட்டுகிறான். ஒரு பொருள் உடைந்து கையில் வந்தால்தான் அது போய்விட்டது என்று ஒப்புக்கொள்வான்.

"ஓடுற பொருள எதுக்கு மாமா கழட்டிக் கடாசுறீங்க? அது பாட்டுக்கு ஓடுது இல்ல?" என்பான்.

"நிக்கிற அன்னிக்கு நீ சவாரில இருப்ப மச்சான். பத்து பேர் உள்ள உக்காந்து உன்னத் திட்டுவாங்க."

"திட்டட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

ஒருமுறை அவனையும் ஏற்றிக்கொண்டு கடலூருக்கு வரும்போது வண்டியின் அடியிலிருந்து ஊளைபோல ஒரு சத்தம் வந்தது. வேகம் கூடினால் அதுவும் கூடியது. டயர் சத்தம் என்று அவன் சொன்னான். நான் ஆளில்லாத ரோட்டில் வண்டியை மெதுவாக வலப்பக்கம் வளைத்தேன். ஊளை அதிகமானது. இடப்பக்கம் வளைத்தேன். அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் இறங்கும். இடது முன்சக்கரத்தின் பேரிங் தேய்கிறது என்றேன். மறுநாள் கழற்றிப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. கையில் வைத்துச் சுற்றினால் மணல் போட்டதுபோல நெருநெருத்தது. அதை அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தான்.

அதற்கு அடுத்த வருஷம், வெயில் குறைந்து மழை தொடங்காத நாட்களில், ஒரு காலை புதுச்சத்திரம் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் மனைவி சொன்னாள்.

"என்னங்க, ஏதோ கீச்சு கீச்சுனு கேக்குது."

"எங்க?"

"முன்னால. என் கால் பக்கமா."

ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினேன். காற்று, டயர், எதிரே வரும் லாரி. வேறு எதுவும் இல்லை.

"இப்பக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது."

பிரேக்கை லேசாக அழுத்தினேன்.

"இப்ப நின்னுபோச்சு," என்றாள்.

பிரேக் அழுத்தினால் நிற்கும் சத்தம் பிரேக்கிலிருந்துதான் வரும். அது எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் அவள் இறங்கியதும் குனிந்து சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்சக்கரத்தில் டிஸ்க் என்ற ஒரு இரும்புத் தட்டு சுழலும். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துபவை பிரேக் பேடுகள். வெளிப்பக்க பேட் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் பாதிக்கு மேல் கனம் இருந்தது. பிரேக்கில் ஒன்றுமில்லை, ஏதோ சின்னக் கல் மாட்டி விழுந்திருக்கும் என்று முடிவு செய்து, சாயங்காலம் அவளிடமும் அப்படியே சொன்னேன்.

மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும். நான் ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். சத்தம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனோம். வண்டியை நிறுத்துவதற்குள் அவன் வாசலுக்கு வந்து நின்றான்.

"இன்னா மாமா, பிரேக் பேட் இந்தக் கத்து கத்துது? நீங்க தெருமுனைல திரும்புறப்பவே வூட்டுக்குள்ள கேட்டுச்சு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"ஒரு வாரமா சொல்றன். கல்லுங்கறாரு," என்றாள்.

"சாவியக் குடுங்க," என்று மச்சான் ஏறி உட்கார்ந்தான். "நான் ஓட்டறன். நீங்க வெளிய நின்னு கேளுங்க."

நான் தெருவோரம் நின்றேன். அவன் தெருமுனை வரை போய்த் திரும்பி, ஆள் நடக்கும் வேகத்தில் என்னை நோக்கி வந்தான். எதிர்வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தி வண்டியைப் பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். மதிலோரம் படுத்திருந்த நாய் காதை நிமிர்த்தியது. வண்டி என் கைக்கெட்டும் தூரத்தில் என்னைக் கடந்தது. டயருக்கு அடியில் மணல் நெரிபடும் சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அவ்வளவுதான் கேட்டது.

"கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு," என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

சிதம்பரத்திலேயே வண்டிகேட் பக்கத்தில் மச்சானுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அங்கே கொண்டுபோனோம். மெக்கானிக் என் வயதுக்காரர். இடது முன்சக்கரத்தைக் கழற்றி, பேடுகள் இருக்கும் கவ்வியைத் திறந்தார். வெளிப்பக்க பேட் நான் டார்ச்சில் பார்த்தபடியே கனமாக இருந்தது. உள்பக்க பேடில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிச்சமில்லை. பிஸ்கட்டுக்கு மேல் தடவிய கிரீம் அளவுக்குத்தான் இருந்தது.

கவ்வி முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின்கள் உண்டு. அதில் ஒன்று துருப்பிடித்து இறுகிவிட்டது. அதனால் உள்பக்க பேட் மட்டும் எல்லா உராய்வையும் வாங்கியிருக்கிறது. ஐஸ் கம்பெனியில் நான் நிறுத்தும் இடத்தில் எப்போதும் உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். கடல் காற்று வேறு. வெளியே தெரியும் பேடை மட்டும் பார்த்துவிட்டுப் போனது போதாது என்று அப்போது புரிந்தது.

"இத பாருங்க சார்," என்று மெக்கானிக் உள்பக்க பேடின் ஓரத்திலிருந்த ஒரு சின்ன வளைந்த தகட்டைக் காட்டினார். "பேட் தேஞ்சா இது போயி டிஸ்க்ல ஒரசும். கத்தறதுக்குனே வெச்சிருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா இரும்போட இரும்பு ஒரசி டிஸ்க் போயிருக்கும். அவசரத்துக்கு அழுத்தறப்ப நிக்காது."

அந்தத் தகடு எதற்கு என்று எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் என்ன? அது ஒரு வாரமாகக் கத்தியிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு முன்சக்கரங்களுக்கும் புது பேட் போடச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதற்கென்று உள்ள கிரீஸ் தடவினார். டிஸ்க்கில் மெல்லிய கோடுகள்தான் விழுந்திருந்தன. விரல் நகத்தால் கீறிப் பார்த்தேன், நகம் மாட்டவில்லை. அதனால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை. எல்லாம் பூட்டிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்துவிட்டதா என்று பார்த்தேன். புது பேட் போட்டதும் முதல் மிதி தரை வரை இறங்கும். அது தெரியாமல் கிளம்பிச் சுவரில் மோதியவர்கள் உண்டு.

திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலம் தாண்டினோம். முட்லூர் வந்ததும் மனைவி கேட்டாள்.

"கேக்காததக் கேட்டுச்சுனு ஏன் சொன்னீங்க?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"வாஷிங் மெஷின் தொவச்சி முடிஞ்சதும் கத்துமே, அது கேக்குமா உங்களுக்கு?"

"அது கத்துமா?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் என் தோளில் கை வைத்தாள்.

அன்று மாலை வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை என் காதருகே பிடித்தாள். கேட்கவில்லை. மைக்ரோவேவை ஓடவிட்டாள். அதன் மோட்டார் ஓடியது கேட்டது, முடிந்ததும் வந்த மணி கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காலிமனையில் இருட்டியதும் சிள்வண்டுகள் இரையும். சில வருஷங்களாக அவற்றின் சத்தமே இல்லையே, பிளாட் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"காதைப் பொத்திக்கிற அளவுக்குக் கத்துதுங்க," என்றாள்.

டாக்டரிடம் போகச் சொன்னாள். போகிறேன் என்றேன். போகவில்லை. மழை தொடங்கியது, ஐஸ் கம்பெனியில் ஒரு பம்ப் தகராறு செய்தது, நாட்கள் போயின. வயதானவர்களுக்குத்தான் காது கேட்காது, எனக்கு என்ன வயதாகிவிட்டது என்று ஒரு எண்ணம். எதிரே நிற்பவர் பேசுவது நன்றாகக் கேட்கிறதே, இது போதாதா என்று இன்னொரு எண்ணம். பேரிங்கை முன்கூட்டியே கழற்றுகிறவன், தன் உடம்பு என்றதும் என் மச்சானைப் போலப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஐஸ் கம்பெனியில் குளிரூட்டுவதற்கு அம்மோனியா ஓடும். கசிந்தால் எச்சரிக்க ஒரு கருவி சுவரில் இருக்கிறது. விளக்கு எரியும், கூடவே ஒலியும் எழுப்பும். அவ்வப்போது அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது என் வேலை. அன்று கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலி வரவில்லை. பஸ்ஸர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்று நினைத்தபடி விரலை எடுக்காமல் நின்றேன். திரும்பினால் கம்ப்ரஸர் ஓட்டும் ஆபரேட்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"போதும் சார்! காது கிழியுது, வுட்டுடுங்க!"

விரலை எடுத்தேன். நான் தனியாக அந்த அறையில் இருந்த நேரங்கள் நினைவுக்கு வந்தன. விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து வேலை பார்த்த நேரங்கள். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அரை நாள் லீவு கேட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு கடலூரில் காது டாக்டரிடம் போனேன்.

ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று ஹெட்போனைக் கழற்றப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் வேண்டாமென்று கை காட்டினாள். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் சோதனையில் வந்த வரைபடத்தைக் காட்டினார். கனத்த ஒலிகளுக்குக் கோடு மேலேயே நேராகப் போனது. மெல்லிய கூர்மையான ஒலிகள் வரும் இடத்தில் சட்டென்று கீழே இறங்கியது.

"இரைச்சல்ல வேல பாத்தவங்களுக்கு இப்டிதான் சார் இருக்கும். அதனாலதான் பேச்செல்லாம் கேக்குது, பீப் சத்தம் கேக்கல."

"இத மாத்த முடியாதா?" என்று கேட்டேன். ஆபரேஷன் மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"முடியாது சார். போனது போனதுதான். மெஷின் வெச்சா ஓரளவு கேக்கும். மிச்சம் இருக்கறத நீங்கதான் காப்பாத்தணும்."

மனைவி கணக்கு டீச்சர் என்பதால் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "நான் மெதுவாப் பேசறப்பல்லாம் நீங்க சும்மா தலையாட்டிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டாள். சில சமயம் ஆமாம் என்றேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "என்னென்னத்துக்குத் தலையாட்டுனீங்களோ," என்றாள்.

காது மெஷின் வைத்துக்கொண்ட முதல் வாரம் தொல்லையாகத்தான் இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தைக் கசக்குவதுபோலக் கேட்டது. காரில் இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக்கென்று அது அடிப்பது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஐஸ் கம்பெனியில் காதை முழுக்க மூடும் கவசங்கள் வாங்கி வைத்தோம். அதை மாட்டாமல் கம்ப்ரஸர் அறைக்குள் யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆபரேட்டர் முதலில் முனகினார். என் காதில் இருப்பதைத் தொட்டுக் காட்டினேன். அதன் பிறகு அவரே மாட்டிக்கொள்கிறார். எச்சரிக்கைக் கருவிக்குப் பக்கத்தில் பெரிய சுழலும் விளக்கு ஒன்றும் வைத்தோம்.

மெஷின் வைத்தாலும் எல்லாம் கேட்டுவிடாது. அதனால் காரில் கூர்மையான சத்தங்கள் மனைவியின் பொறுப்பு. அவள் ஒன்று சொன்னால் இப்போது நான் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, அன்றே பார்த்துவிடுகிறேன். ஏசி கம்ப்ரஸர் பெல்ட் கீச்சிட்டதை அவள்தான் முதலில் சொன்னாள். கனத்த சத்தங்களும் கையிலும் காலிலும் தெரியும் அதிர்வுகளும் என் பொறுப்பு.

போன தை மாதம் லால்பேட்டையில் ஒரு நிக்காஹ். பழைய தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த பாயின் மகளுக்கு. மச்சானையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம். காட்டுமன்னார்கோயில் நெருங்கும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்னாலிருந்து 'டொக்' என்று ஒரு அடி. ஸ்டியரிங்கில் ஒரு தளர்வு. அடுத்த பள்ளத்தில் மறுபடியும்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே," என்றாள் மனைவி. அவள் தம்பியோடு யாருக்கோ பெண் பார்த்த கதை பேசிக்கொண்டு வந்தாள்.

"ரோடு மாமா. இந்த ரோட்டுல எந்த வண்டியா இருந்தாலும் தட்டும்," என்றான் மச்சான்.

வண்டியை ஓரம் கட்டினேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடியது. மச்சானைக் கீழே பார்க்கச் சொன்னேன். பட்டுச்சட்டையை மடித்துக்கொண்டு குனிந்தவன் எழுந்து நின்றான்.

"ரப்பர் கிழிஞ்சிருக்கு மாமா. உள்ள உருண்டை ஆடுது."

அது பால் ஜாயின்ட். சக்கரத்தைக் கீழே தாங்கிப் பிடிக்கிற மூட்டு. ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், உருண்டை தேயும். கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும். வீராணம் ஏரிக்கரை ரோட்டில் ஓடும்போது அப்படி நடந்தால் வண்டி நேராக ஏரிக்குள்தான்.

"மெதுவாப் போனா போயிடலாம்," என்று மச்சான் பழக்கத்தில் ஆரம்பித்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "வாணாம் மாமா. ஆட்டோ புடிச்சிரலாம்."

கொஞ்சம் முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டுபோய் விட்டோம். பால் ஜாயின்ட் அங்கே இல்லை. மச்சான் போன் போட்டுச் சிதம்பரத்தில் ஒரு கடையில் சொல்ல, அவர்கள் டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் ஆட்டோவில் லால்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்திருந்தது. பாய் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னாண்ணே, நீங்களே லேட்டா? வண்டி நின்னுபோச்சா?"

"நிக்கல பாய். நிறுத்திட்டோம்," என்றேன்.

அவர் சிரித்தார். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். எங்களுக்காகத் தனியாக ஒரு சஹன் எடுத்து வைத்திருந்தார். ஒரே தட்டில் பிரியாணியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வண்டியை விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தபோது புதிது மாட்டியிருந்தார்கள். பழைய பால் ஜாயின்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உருண்டை விரல் பட்டாலே எல்லாப் பக்கமும் சாய்ந்தது. மச்சானும் வாங்கிப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான். அவன் வேனைப் பொறுத்தவரை இன்னும் மாறவில்லை. போன மாதம் சேத்தியாத்தோப்பில் கிளட்ச் போய் நின்றான்.

பால் ஜாயின்ட் மாற்றினால் சக்கரங்கள் நிற்கும் கோணம் கொஞ்சம் விலகிவிடும். அதைச் சரிபார்க்காவிட்டால் புது டயரும் ஓரம் தேய்ந்துபோகும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடலூரில் அலைன்மென்ட் பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். மனைவியும் வந்தாள். கடைவாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பரீட்சைத் தாள் திருத்தினாள். நான் திரையில் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் காலியான ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாக எடுத்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராகப் போனது.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்துட்டேன். கையை வெச்சு ஓட்டுங்க," என்றாள்.